கொழுப்பு மாத்திரையும் அதன் கூட்டாளிகளும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டுதோறும் இம்மேடையில் வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் கற்றறிந்தவர்கள் பேச, நாம் கீழே அமர்ந்து கேட்பதே வழக்கம். இவ்வாண்டு காரியதரிசி அவர்கள் நம் வீட்டிற்கே வந்து, "அத்தான் விஷயத்தை நீங்கள் மேடையில் சொல்லியே ஆக வேண்டும்" என்று வற்புறுத்தினார். நாம் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டோம். தந்தையார் பணியில் இருக்கையிலேயே காலமானதால், இருபதாம் வயதில் ரயில்வேயில் சேர்ந்து, அன்று முதல் இன்று வரை பார்சல் ஆபீஸில் பில் எழுதி வருகிறோம். மருந்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று தயங்கினோம். நம் காலனியிலேயே குடியிருக்கும் டாக்டர் அம்மையார் ஒருவர், "நீங்கள் எழுதுங்கள், பிழை இருந்தால் நான் திருத்துகிறேன்" என்று தைரியம் கூறினார். அவர் திருத்திய காகிதமே இப்போது நம் கையில் உள்ளது.

எமது தமக்கையார் கணவரை இங்கு அறியாதவர் இலர். ஓய்வு பெற்ற எஞ்சின் டிரைவர், வயது 63. பொங்கல் விழாவில் கயிறு இழுக்கும் போட்டிக்கு முதல் ஆளாக நிற்பவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்தது. இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று முதல் ஐந்து மாத்திரைகள். இரத்தம் உறையாதிருக்க இரண்டு, இரத்தக் கொதிப்புக்கு ஒன்று, இதயத் துடிப்பைச் சீராக்க ஒன்று, இரவில் கொழுப்புக்காக அடோர்வாஸ்டாடின் 80 மில்லிகிராம் ஒன்று. ஒரு நாளும் தவறாமல் விழுங்கி வந்தார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவருக்குப் படர்தாமரை கண்டது. வங்கத்துப் புழுக்கத்தில் இது காணாத வீடு இல்லை. வெட்கத்தால் வெளியில் சொல்வதில்லை, அவ்வளவே. கடைத்தெருவில் களிம்பு வாங்கிப் பூசினார், குறையவில்லை. பிறகு ஒரு தோல் வைத்தியரிடம் சென்றார். அவர், "சர்க்கரை உண்டா?" என்று கேட்டார், இல்லை என்றார் அத்தான். அத்துடன் விசாரணை முடிந்தது. இட்ராகோனசோல் என்னும் மருந்தைக் காலையும் மாலையும் உண்ணும்படி எழுதிக் கொடுத்தார். அத்தானும் தம் சட்டைப் பையில் இருந்த பழைய சீட்டை வெளியில் எடுக்கவில்லை. இதயத்துக்கும் இடுப்பில் வந்த அரிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் எண்ணியிருக்கலாம். நாமாக இருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்போம்.

அரிப்பு அடங்கியது. பன்னிரண்டாம் நாள் தொடையிலும் தோளிலும் வலி தொடங்கியது. மாடிப்படி ஏறி இறங்கியதால் வந்த வலி என்று அக்காள் தைலம் தேய்த்து விட்டார். மறுநாள் தரையில் அமர்ந்தவரால் எழ முடியவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டை மாட்ட இயலவில்லை. அதற்கும் மறுநாள் சிறுநீர் காப்பி டிக்காஷன் நிறத்தில் போயிற்று. உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று நீராகாரமும் பார்லிக் கஞ்சியும் கொடுத்தார்கள். இவ்வாறு இரண்டு நாள் வீணாயிற்று. மூன்றாம் நாள் மாலை நாம் சென்று பார்த்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. சிறுநீர் மிகக் குறைந்திருந்தது. உடனே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அங்கே இரத்தத்தில் சி.கே. என்ற ஒன்றைப் பார்த்தார்கள். தசைக்குள் இருக்க வேண்டிய பொருள் அது; தசை சிதைந்தால் இரத்தத்தில் கசியும். சாதாரணமாக இருநூறுக்குள் இருக்க வேண்டியது அத்தானுக்கு நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. சிதைந்த தசையின் நிறப்பொருள் சிறுநீரகத்தில் போய் அடைத்துக் கொண்டிருந்தது. அந்தக் கரிய நிறத்துக்குக் காரணம் சூடு அன்று. அவருடைய சொந்தச் சதையே கரைந்து வெளியேறிக் கொண்டிருந்தது. இரண்டு மருந்துகளையும் அக்கணமே நிறுத்தி, ஐந்து நாள் இடைவிடாமல் சலைன் ஏற்றினார்கள். டயாலிசிஸ் வரை போகாமல் சிறுநீரகம் பிழைத்தது. ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். பழையபடி மாடி ஏற இரண்டு மாதம் பிடித்தது.

நாம் அந்தத் தோல் வைத்தியரிடம் போய்ச் சண்டையிடக் கிளம்பினோம். அத்தான்தான் தடுத்தார். "மாப்பிள்ளை, முப்பத்தைந்து வருஷம் காஷன் ஆர்டர் கையில் வாங்காமல் நான் வண்டியை எடுத்ததில்லை. எந்த இடத்தில் வேகம் குறைக்க வேண்டும், எங்கே வேலை நடக்கிறது என்று அந்தச் சீட்டு சொல்லும். அவர் கேட்கவில்லை என்பது உண்மை. நான் கொடுக்கவில்லை என்பதும் உண்மைதானே?" என்றார். அந்தச் சொல்லே இப்பேச்சுக்கு வித்து.

இனி, இந்தக் கொழுப்பு மாத்திரை என்பது யாது என்று சிறிது பார்ப்போம்.

கொலஸ்ட்ரால் என்பது நெய்யிலும் முட்டையிலும் மட்டும் உள்ளதென்று பலரும் கருதுகிறோம். நம் உடம்பில் உள்ளதில் பெரும்பகுதியை உடம்பே, முக்கியமாக ஈரலே, உற்பத்தி செய்து கொள்கிறது. அந்த உற்பத்தியில் ஒரு படியைத் தடுப்பவையே ஸ்டாடின் என்னும் மருந்துகள். உற்பத்தி குறைந்ததும் ஈரல் தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலை இரத்தத்திலிருந்து இழுத்துக் கொள்கிறது. இரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறைகிறது. இதைக் கண்டறிந்தவர் ஜப்பான் நாட்டின் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி. உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பெனிசிலின் போலப் பூஞ்சையிலிருந்து ஒரு மருந்து கிடைக்கும் என்று நம்பி, 1971-ல் தொடங்கி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1973-ல் அவருக்கு அகப்பட்டது எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் படிந்த பூஞ்சையிலிருந்து! நம் வீட்டில் அரிசியில் பூஞ்சை கண்டால் மூட்டையோடு வீசுகிறோம். அவர் அதில் கோடிக்கணக்கான மக்களின் உயிர் மருந்தைக் கண்டார். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தம் 90-ஆம் வயதில் காலமானார்.

இவ்வகையில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது லோவாஸ்டாடின், 1987-ல். பிறகு சிம்வாஸ்டாடின். இதயநோய் உள்ள 4,444 பேரைக் கொண்டு வட ஐரோப்பிய நாடுகளில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சோதித்து, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் மாத்திரை உண்டவர்களில் 256 பேர் மாண்டார்கள். சிம்வாஸ்டாடின் உண்டவர்களில் 182 பேர். பாதிக்குப் பாதியாகப் பிரித்த கூட்டத்தில் 74 உயிர் வித்தியாசம். அது முதல் இம்மருந்தின் நன்மையை ஐயுறுவார் மருத்துவ உலகில் அரியர். இன்று நம் நாட்டில் பெரும்பாலும் வழங்குபவை அடோர்வாஸ்டாடினும் ரோசுவாஸ்டாடினுமே.

அப்படியானால் அத்தானுக்கு என்ன நேர்ந்தது? நாம் அறிந்த பார்சல் ஆபீஸ் கணக்கிலேயே இதைச் சொல்லி விடுகிறோம். சரக்கு வண்டியில் வந்திறங்குகிறது. உரியவர் வந்து எடுத்துச் செல்கிறார். அடுத்த வண்டிச் சரக்குக்கு இடம் கிடைக்கிறது. எடுத்துச் செல்லும் வாயில் அடைபட்டால்? வண்டி நிற்காது, நாள்தோறும் வரும். சரக்கு பிளாட்பாரம் வரை குவியும். வார்ஃபேஜ் ஏறும். அடோர்வாஸ்டாடினை உடம்பிலிருந்து கழிக்கும் வாயில், ஈரலிலும் குடலிலும் உள்ள ஒரு நொதி. அதன் பெயர் சைப் 3ஏ4 என்பதாம். லோவாஸ்டாடினுக்கும் சிம்வாஸ்டாடினுக்கும் அதே வாயில்தான். இட்ராகோனசோல் அந்த வாயிலை அடைத்து நிற்கும் மருந்து. அத்தான் உண்டது 80 மில்லிகிராமே; ஆனால் நாளுக்கு நாள் கழியாமல் நின்று, அதனினும் பன்மடங்கு உண்டவர் நிலையில் அவர் உடம்பு இருந்தது. இட்ராகோனசோலோடு சிம்வாஸ்டாடினைச் சேர்க்கவே கூடாது; அடோர்வாஸ்டாடின் என்றால் 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று மருந்தின் குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. அந்தக் குறிப்பை எறும்புக் காலளவு எழுத்தில் அச்சிடுகிறவர்கள், அதை யாரும் படிக்கக் கூடாது என்றே கருதுகிறார்கள் போலும்.

இதே வாயிலை அடைப்பவை வேறும் உள. நெஞ்சுச் சளிக்கும், வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் பதினான்கு நாள் மாத்திரைத் தொகுப்பிலும் வரும் கிளாரித்ரோமைசின் அவற்றுள் ஒன்று. நம் காலனியில் வயிற்றுப் புண் சிகிச்சை பெற்றவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள். எரித்ரோமைசினும் அப்படியே. அதற்கு உறவான அசித்ரோமைசினால் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆகவே முன்கூட்டிச் சொன்னால் டாக்டர் மாற்றிக் கொடுக்க வழி உண்டு. அல்லது, அந்தச் சில நாள்களுக்கு மட்டும் கொழுப்பு மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்வார். எதைச் செய்வது என்பது அவர் முடிவு; சொல்வது நம் கடமை. இதய நோய்க்கே கொடுக்கும் டில்டியாசெம், வெரபமில், அமியோடரோன் ஆகியவையும், சிறுநீரகம் மாற்றியவர்கள் உண்ணும் சைக்ளோஸ்போரினும் இப்பட்டியலில் சேரும். இரத்தக் கொதிப்புக்கு எல்லோர் வீட்டிலும் உள்ள ஆம்லோடிபினைப் பற்றிப் பலர் கவலையுடன் கேட்டார்கள். சிம்வாஸ்டாடினோடு என்றால் அளவு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அடோர்வாஸ்டாடினோடு அஞ்ச வேண்டியதில்லை, இரண்டும் ஒரே மாத்திரையாகவே விற்கப்படுகின்றன.

காச நோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர் எதிர். அது வாயிலை அகலத் திறந்து விடும். அடோர்வாஸ்டாடின் வேலை செய்வதற்குள் வெளியேறிப் போகும்.

வேறு வகைப் பகையும் உண்டு. டிரைகிளிசரைடு என்னும் மற்றொரு கொழுப்பைக் குறைக்க ஜெம்ஃபிப்ரோசில் என்ற மருந்து உண்டு. இதனோடு ஸ்டாடின் சேர்ந்ததால் விளைந்த கேடு உலகப் பிரசித்தம். செரிவாஸ்டாடின் என்ற ஒரு ஸ்டாடினை 1997-ல் விற்பனைக்கு விட்டார்கள். நான்கே ஆண்டில், 2001 ஆகஸ்டு மாதத்தில், உலகச் சந்தை முழுவதிலிருந்தும் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. அமெரிக்காவில் மட்டும் 31 பேர் தசை சிதைந்து மாண்டதாகப் பதிவாயிற்று. அவர்களுள் 12 பேர் ஜெம்ஃபிப்ரோசிலையும் சேர்த்து உண்டவர்கள். ஸ்டாடினோடு இரண்டாவதாக ஒன்று தேவைப்பட்டால் இப்போது டாக்டர்கள் ஃபீனோஃபைப்ரேட்டையே விரும்புகிறார்கள். அதிலும் கவனம் வேண்டும். கீல்வாதத்துக்கு கால்சிசின் உண்பவர்களும் தசை வலியைக் கண்காணிக்க வேண்டும்.

ரோசுவாஸ்டாடினுக்கு மேற்சொன்ன வாயில் பெரும்பாலும் தேவையில்லை. ஆதலின் இட்ராகோனசோல் போன்றவற்றோடு அதன் பகை மிகக் குறைவு. அதற்கென்று வேறு குணங்கள் உண்டு. ஆசிய மக்களின் இரத்தத்தில், வெள்ளையருக்குக் காணும் அளவினும் ஏறத்தாழ இரு மடங்கு நிற்கிறது என்று கண்டு, 5 மில்லிகிராமிலிருந்து தொடங்கும்படி அமெரிக்காவில் அறிவுறுத்தியிருக்கிறார்கள். நாமோ ஆசிய மக்கள். நம்மில் எத்தனை பேர் 5-ல் தொடங்கினோம் என்று வீட்டிற்குப் போய்ச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நெஞ்செரிச்சலுக்கு நாம் மடக்கு மடக்காகக் குடிக்கிறோமே வெள்ளை மருந்து, அலுமினியமும் மெக்னீசியமும் கலந்தது, அதை உடன் குடித்தால் ரோசுவாஸ்டாடின் பாதியளவே உடம்பில் சேரும். மாத்திரை உண்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடிப்பது முறை. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவர்கள், ரோசுவாஸ்டாடினோ சிம்வாஸ்டாடினோ புதிதாகத் தொடங்கினாலும் அளவு மாற்றினாலும், உறையும் நேரத்தை மறுபடி சோதித்துக் கொள்ளல் வேண்டும்.

இனிப் பழத்துக்கு வருவோம். மருந்தைப் பழம் பகைக்குமா என்று நாமும் முதலில் நகைத்தோம். கனடா நாட்டில் டேவிட் பெய்லி என்பவர், மதுவும் ஒரு இரத்தக் கொதிப்பு மருந்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார். மதுவின் சுவை தெரியாமல் மறைக்கக் கிரேப் ஃப்ரூட் என்ற பழத்தின் சாற்றைக் கலந்தார். மது உண்டவர், உண்ணாதவர் ஆகிய இரு சாராரின் இரத்தத்திலும் மருந்து எதிர்பாராத அளவில் உயர்ந்து நின்றது. குற்றவாளி மது அன்று, சாறு! 1989-ல் வெளிவந்தது முதற்செய்தி. அச்சாறு குடலில் உள்ள அதே சைப் 3ஏ4 நொதியை அழித்து விடுகிறது. புதிது உண்டாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே காலையில் சாறும் இரவில் மாத்திரையும் என்று பிரித்து உண்பதால் தப்ப இயலாது.

கிரேப் ஃப்ரூட் நம் சந்தையில் அரிது. ஆனால் அதன் தாய்ப்பழம் நம் காலனியில் வீட்டுக்கு வீடு காய்க்கிறது. தமிழில் பம்பளிமாஸ் என்கிறோம். இங்கே வங்காளிகள் பாத்தாபி லேபு என்கிறார்கள். படேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து வந்ததால் அப்பெயர். பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பிள்ளையே கிரேப் ஃப்ரூட். துர்க்கா பூஜைக் காலத்தில் உப்பும் மிளகாயும் தூவி நாம் கிண்ணம் கிண்ணமாக உண்கிறோமே, அதே பழம். கிரேப் ஃப்ரூட்டில் உள்ள அதே வகைப் பொருள் இதிலும் உண்டு. இரண்டு சுளை தின்றால் உயிர் போய்விடும் என்று நாம் சொல்லவில்லை. அடோர்வாஸ்டாடினுக்கு மிகுதியாக உண்டால்தான் தொல்லை. ஆயினும் அதிக அளவு மாத்திரை உண்பவர்கள் பூஜைக் கிண்ணத்தைப் பேரப்பிள்ளைகளிடம் தள்ளி விடுவது நலம். சமையலில் பிழியும் சிறிதளவு எலுமிச்சையால் இத்தொல்லை வருவதாகத் தெரியவில்லை. தாய்மார்கள் அஞ்சாமல் எலுமிச்சைச் சாதம் கிளறலாம்.

இன்னொரு ஆபத்து பெயரால் வருவது. ரயில்வே டிஸ்பென்சரியில் மருந்தின் சொந்தப் பெயரால் தருகிறார்கள். வெளியில் கம்பெனிப் பெயரால் விற்கிறார்கள். நம் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் டிஸ்பென்சரி தந்த அடோர்வாஸ்டாடினையும், விடுமுறையில் ஊருக்குப் போனபோது அங்கே ஒரு டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரையையும் எட்டு மாதம் சேர்த்தே உண்டு வந்தார். அக்கூட்டு மாத்திரைக்குள் ரோசுவாஸ்டாடினும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஒன்றாக இருந்தன. ஆக, இரண்டு ஸ்டாடின், இரண்டு ஆஸ்பிரின். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் நிற்கவில்லை என்று பல் டாக்டரிடம் போனதால் இது வெளிப்பட்டது. அட்டையில் கம்பெனிப் பெயரோடு அச்சிட்டிருப்பதே மருந்தின் உண்மைப் பெயர். கம்பெனி வைத்தது கடைப்பெயர். இரண்டு மாத்திரைகளை இரட்டித்து உண்பதால் பயன் இரட்டிப்பதும் இல்லை. ஸ்டாடின் அளவை இரட்டித்தால் கெட்ட கொழுப்பு மேலும் நூற்றுக்கு ஆறு பங்கு அளவே குறையும் என்று டாக்டர் அம்மையார் கூறினார். கேட்டு வியந்தோம்.

சீனத்துச் சிவப்பரிசி என்றும், இயற்கை மருந்து என்றும் விளம்பரம் செய்து விற்கும் மாத்திரைகளிலும் கருத்து வேண்டும். சிவப்புப் பூஞ்சை அரிசியில் உள்ள மோனகோலின் கே என்பது லோவாஸ்டாடினே; பெயர்தான் வேறு.

இதுவரை கேட்டவர்களில் சிலர், "இத்தனை ஆபத்தா? இன்றே நிறுத்தி விடுவோம்" என்று மனத்திற்குள் முடிவு செய்திருப்பீர்கள். எமது அக்காளும் அதைத்தான் செய்தார். அத்தான் வீடு திரும்பிய அன்றே கொழுப்பு மாத்திரை அட்டைகளைக் குப்பையில் வீசினார். வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய செய்தி ஒன்று, கொலஸ்ட்ரால் என்பதே கம்பெனிகளின் பொய் என்று வேறு சொல்லியது. ஆறு வாரம் கழித்து வரும்படி டாக்டர்கள் கூறியிருந்தும் அத்தான் போகவில்லை. நான்கு மாதம் ஸ்டாடின் இல்லாமல் இருந்தார். மனிதர் சுகமாகவே இருந்தார். கொழுப்பு ஏறுவது வலிக்காதே! பூஜை முடிந்து இரத்தம் சோதித்தபோது, 60-க்குக் கீழே இருந்த கெட்ட கொழுப்பு 168-க்கு ஏறியிருந்தது. ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு 168! டாக்டர் அம்மையார் அன்று அக்காளிடம் பேசிய பேச்சை நாம் இங்கு முழுவதும் சொல்லல் ஆகாது. "உன் கணவரைக் கொல்லப் பார்த்தது ஸ்டாடின் அன்று, வாயிலை அடைத்த மற்றொன்று. அவரை முன்பு கொல்லப் பார்த்தது மாரடைப்பு. அது திரும்பி வர நீயே கதவைத் திறந்து வைத்திருக்கிறாய்" என்பது அதன் சாரம்.

நம்மைப் பற்றியும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். நாமும் சென்ற ஆண்டு முதல் அடோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் உண்டு வருகிறோம். அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில், அதுவரை ஒரு குறையும் இல்லாத நம் கெண்டைக்காலில் மாலைதோறும் வலி கண்டது. இரவில் எழுந்து விளக்கைப் போட்டுச் சிறுநீரின் நிறம் பார்த்தோம். சோதித்ததில் சி.கே. 110. வலியும் அன்றே மறைந்து விட்டது. வெட்கமாயிருந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில், ஸ்டாடின் ஒவ்வாமல் நிறுத்திய 60 பேருக்கு மாதத்துக்கு ஒரு புட்டியாகப் பன்னிரண்டு புட்டிகள் கொடுத்தார்கள். நான்கில் ஸ்டாடின், நான்கில் வெறும் மாத்திரை, நான்கு காலிப் புட்டி. ஸ்டாடின் மாதங்களில் அவர்கள் பட்ட துன்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெறும் மாத்திரையிலும் இருந்தது! 2020-ல் வெளியான இம்முடிவைக் கண்டு அவர்களுள் பாதிப் பேர் மறுபடியும் மருந்தைத் தொடங்கினார்கள். இதை நாம் அறிந்தபோது நம் வெட்கம் ஓரளவு குறைந்தது.

ஆகவே வலி எல்லாம் பொய்யும் அன்று. வலி எல்லாம் மெய்யும் அன்று. இரு தொடையிலும் இரு தோளிலும் ஒருசேர வரும் வலி, தசை பலவீனம், சிறுநீர் கருமை ஆகியவை கண்டால் அன்றே போக வேண்டும். அதிலும் சிறுநீர் கருத்தால் மாத்திரையை அன்றே நிறுத்தி, இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பார்லிக் கஞ்சியோடு காத்திருக்கலாகாது. மற்றச் சிறு வலிகளுக்கு டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. வயது மிக்கவர்கள், மெலிந்தவர்கள், சிறுநீரகக் குறை உள்ளவர்கள், தைராய்டு சுரப்பு குறைந்தவர்கள் ஆகியோருக்குத் தசைத் தொல்லை சற்று எளிதில் வரும். நம் தாய்மார்களில் தைராய்டு குறைவு பலருக்கு இருக்கிறது. அதற்கு மாத்திரை உண்ணாமல் விட்டால் கொலஸ்ட்ராலும் ஏறும், ஸ்டாடினும் ஒத்துக் கொள்ளாது. கருவுற்றிருக்கும் பெண்களும், கருத்தரிக்க எண்ணும் பெண்களும் இம்மருந்தைப் பற்றி முன்னதாகவே டாக்டரிடம் கேட்க வேண்டும். பெரும்பாலோர்க்கு அப்போது நிறுத்தி விடுவார்கள். சர்க்கரை சிறிது ஏறக் கூடும் என்று 2012 முதல் மருந்துக் குறிப்பில் சேர்த்திருக்கிறார்கள். இதயத்துக்குக் கிட்டும் நன்மை அதனினும் பெரிது என்பது டாக்டர்கள் கணிப்பு.

அத்தானுக்கு இப்போது ரோசுவாஸ்டாடின். 5 மில்லிகிராமில் தொடங்கி, ஆறு வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் பார்த்து, 10-க்கு உயர்த்தியிருக்கிறார்கள். கெட்ட கொழுப்பு சென்ற மாதம் 71. இன்னும் குறைய வேண்டுமென்று எசெடிமைப் என்ற வேறொரு மாத்திரையையும் சேர்த்திருக்கிறார்கள். அது குடலில் கொழுப்பு சேர்வதைத் தடுப்பது. படர்தாமரை மறுபடி வந்தது. இம்முறை அவர் சீட்டோடு போனார்.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அவர் தம் மாத்திரைகளின் உண்மைப் பெயர், அளவு, உண்ணும் வேளை, தொடங்கிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, பழைய பாஸ் உறைக்குள் வைத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். தலைப்பில் "காஷன் ஆர்டர்" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். பல் டாக்டர் ஆனாலும், கண் டாக்டர் ஆனாலும், மருந்துக் கடைக்காரர் ஆனாலும் முதலில் அதையே நீட்டுகிறார். அவர் இசைவோடு அதே மாதிரியில் இருநூறு தாள்கள் அச்சிட்டு, வாயிலருகே நூலக மேசையில் வைத்திருக்கிறோம். அச்சுக் கூலி சங்கத்தினுடையது; தாள் நம்முடையது. எழுதத் தெரியாத பாட்டிமார்கள் மாத்திரை அட்டைகளைப் பையோடு கொண்டு வந்தால், ஞாயிறுதோறும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நாமும் அத்தானும் அமர்ந்து எழுதித் தருகிறோம்.